மரத்தில் தொற்றியிருப்பது வாண்டாதானா? நெல்லைச் சீமையில் ஒரு பேரினத்தை இனங்காணும் வழி

ஆர்க்கிட் பார்க்க வேண்டும் என்றதும் பலர் அகத்தியமலை உச்சியைத்தான் நினைக்கிறார்கள். அனுமதி, வழிகாட்டி, அட்டைப்பூச்சி, மழை என்று நான்கு தடைகளை நினைத்துப் பார்த்து, பிறகு ஆசையையே விட்டுவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. தாமிரபரணிக் கரையில் நிற்கும் பழைய மரங்கள், மலையடிவாரத்து மாந்தோப்பு, ஊருக்கு வெளியே கோவிலைச் சுற்றி நிற்கும் புளியும் இலுப்பையும் போதும். அவற்றின் கவட்டில் பட்டை இலைகளோடும் தொங்கும் வெள்ளை வேர்களோடும் ஒரு செடி கண்ணில் பட்டால், அது வாண்டா என்ற ஆர்க்கிட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். தொற்று வேருக்கு எடுத்துக்காட்டு: வாண்டா. தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோன அந்தச் செடியை மரத்தில் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

வெப்பமண்டல ஆசியாவின் ஆர்க்கிட் பேரினங்களில் இது முக்கியமானது. இலங்கையும் இந்தியாவும் தொடங்கி, பர்மா, தென்சீனம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனை வரை பரவியிருக்கிறது. இன்றைய கணக்கில் எண்பது, தொண்ணூறு சிற்றினங்கள். நம் பக்கத்தில் இவற்றில் மிகச் சிலவே உள்ளன. எனவே முதன்முதலாக ஒரு பேரினத்தைக் கற்றுக்கொள்ள வாண்டாவை விடத் தோதானது வேறில்லை என்பது என் கருத்து. டென்ட்ரோபியத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதில் சிற்றினங்களும் அதிகம், குழப்பமும் அதிகம்.

என்ன வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடு உள்ள சிறிய அளவுகோல், கைபேசிக் கேமரா, குறிப்பேடு. முடிந்தால் ஒரு பைனாகுலர். செடிகள் பெரும்பாலும் தலைக்கு மேலே பத்து, பதினைந்து அடியில் இருக்கும் என்பதால், கழுத்து வலிக்காமல் இலை நுனியைப் பார்க்க அது உதவும். துறட்டி வேண்டாம். துறட்டியைக் கையில் எடுத்தாலே பறிக்கத் தோன்றும். தோப்பு யாருடையதோ, அந்த அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். எந்த மரத்தில் எந்த மாதம் பூக்கும் என்பதைப் பல நேரம் அவரே சொல்லிவிடுவார்.

முதல் படி: புல்லுருவியை விலக்குங்கள்

நம் ஊர்களில் மரத்தின் மேல் முளைத்த எதையும் புல்லுருவி என்று சொல்லி வெட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. அதனால் பழைய மாமரங்களில் இருந்த ஆர்க்கிட்டுகள் நிறையவே போய்விட்டன. வேறுபாடு மிக எளிது. புல்லுருவி கிளைக்குள் தன் உறிஞ்சு வேரைச் செலுத்தும். அது ஒட்டிய இடத்தில் கிளை பெரும்பாலும் புடைத்திருக்கும். மரத்தின் நீரும் உப்பும் அதற்குப் போகும். வாண்டாவின் வேர் பட்டையின் மேல்தான் படர்கிறது, உள்ளே நுழைவதில்லை. கிளையைச் சுற்றிப் பிடித்த வேர்கள் சில, வெறும் காற்றில் தொங்கும் வேர்கள் சில.

அந்த வேரை நன்றாகப் பாருங்கள். பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைவாக, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் இருக்கும். வளரும் நுனி மட்டும் பச்சை. மழை பெய்து சில நிமிடங்களில் வேர் முழுவதுமே பச்சையாக மாறும். வெளிப்புறத்தில் உள்ள வெலாமன் என்ற இறந்த செல்களின் அடுக்கு நீரை உறிஞ்சியதும் ஒளி ஊடுருவும்படி ஆகிறது. உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தால், எட்டும் உயரத்தில் உள்ள வேரில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதை அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

இது நடந்தால் உங்கள் முன் இருப்பது தொற்றுச் செடி என்பது உறுதி. ஆர்க்கிட் என்பதற்கும் பாதி உறுதி கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: செடி எந்தத் திசையில் வளர்கிறது?

பூவைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. புதியவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

ஆர்க்கிட்டுகள் இரண்டு விதமாக வளரும். ஒரு வகையில், தண்டின் நுனி ஆண்டுதோறும் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். கீழ் இலைகள் உதிரும், மேலே புதிது வரும், வேர்களும் பூங்கொத்தும் இலைக் கக்கத்திலிருந்து பக்கவாட்டில் கிளம்பும். இதை ஒருபாத வளர்ச்சி என்கிறார்கள். மற்ற வகையில் கிடைமட்டமாக ஊர்ந்து செல்லும் தண்டிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் புதிய தண்டு எழும். பழையது அருகிலேயே நிற்கும். இது கூட்டுப்பாத வளர்ச்சி. இதில் தண்டு பெரும்பாலும் பருத்து, நீரைச் சேமிக்கும் பொய்க்குமிழாக மாறியிருக்கும்.

வாண்டா முதல் வகை. பொய்க்குமிழ் கிடையாது. ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் ஒரே ஒரு வளர்நுனி. பக்கக் கன்று வந்திருந்தாலும் அதுவும் அதே போல மேல்நோக்கித்தான் போகும். இந்தக் கேள்வி ஒன்றிலேயே டென்ட்ரோபியம், பல்போபில்லம், சிம்பிடியம் மூன்றும் கழிந்துவிடும். சிம்பிடியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடிவாரத்து மரங்களில் வளரும் சிம்பிடியம் அலாய்ஃபோலியம் என்ற சிற்றினத்தின் தடித்த பட்டை இலைகள் கீழிருந்து பார்க்கும்போது வாண்டா போலவே தோன்றும். பைனாகுலரில் அடிப்பகுதியைப் பாருங்கள். பல தளிர்கள் கூட்டமாக ஒரு புதராக எழுந்திருந்தால் சிம்பிடியம். ஒரே தண்டில் இலைகள் இரு பக்கமும் அடுக்கடுக்காக ஏறிப்போனால் தொடர்ந்து படியுங்கள்.

மூன்றாம் படி: இலை

வாண்டாவின் இலைகள் தண்டின் இரு பக்கமும் ஒரே தளத்தில் மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு இலையும் நடுநரம்பில் மடிந்து, குறுக்கே வெட்டினால் ஆங்கில வி எழுத்து போலத் தெரியும் பள்ளத்துடன், வெளிப்பக்கம் வளைந்திருக்கும். நுனியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது கூராக முடிவதில்லை. எலி கடித்து விட்டது போல ஒழுங்கில்லாமல் இரண்டு மூன்று பற்களோடு இருக்கும். பூச்சி தின்றது என்று நினைத்து அடுத்த இலையைப் பார்த்தால் அதுவும் அப்படியே இருக்கும்.

இலை உருண்டையாகப் பென்சில் போல இருந்தால் வேறு பேரினம். நம் மலைகளில் அப்படித் தென்படுவது பெரும்பாலும் லூயிசியா. அதன் பூவும் வேறு மாதிரி: தண்டை ஒட்டியே சிறு கொத்தாக, சதைப்பிடிப்பான கருஞ்சிவப்பு உதட்டோடு இருக்கும். ஒரு காலத்தில் உருண்டை இலைச் செடிகள் சிலவும் வாண்டாவுக்குள் இருந்தன. சிங்கப்பூர் 1981 இல் தன் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்த மிஸ் ஜோவாகிம் என்ற கலப்பினத்தின் பெயர் அன்று வாண்டா மிஸ் ஜோவாகிம். உருண்டை இலைக் கூட்டம் பாப்பிலியோனாந்தே என்று பிரிக்கப்பட்ட பிறகு அதன் முன்பெயரும் மாறிவிட்டது.

பட்டை இலையும் கடித்த நுனியும் வாண்டாவுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதுதான் இந்தப் படியின் சிக்கல். அகாம்பே பிரேமோர்சா என்ற செடிக்கும் அதே அமைப்பு. பெயரிலேயே கடித்த நுனி இருக்கிறது. சமவெளியிலும் அடிவாரத்திலும் வாண்டாவோடு அதிகம் குழம்புவது இதுதான். அகாம்பேயின் இலை பொதுவாக இன்னும் தடிப்பாகவும் விறைப்பாகவும், மடிப்பு ஆழம் குறைந்தும் இருக்கும். வாண்டாவின் இலை ஒடுங்கி, ஆழமாக மடிந்திருக்கும். ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா என்ற நரிவால் ஆர்க்கிட்டின் இலை சற்று அகலமானது; அதில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள் ஓடும். வெயிலும் நிழலும் இலையை மிகவும் மாற்றுகின்றன என்பதால், இலையை மட்டும் வைத்து உறுதியாகப் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை. பூ இல்லாத செடியை ‘வாண்டா அல்லது அகாம்பே’ என்று குறித்துவைத்துவிட்டு, பூக்கும் மாதத்தில் திரும்பி வாருங்கள்.

அந்த மாதம் எது? பொதுவாகக் கோடையின் பிற்பகுதியில் தொடங்கி, குற்றாலத்தில் சாரல் விழும் காலம் வரை. இடத்துக்கு இடம் முன்பின்னாகும்.

நான்காம் படி: பூங்கொத்து

தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய அடையாளம் இது. நம் பகுதியில் பரவலாக உள்ள வாண்டா டெசலேட்டாவின் பூங்கொத்து இலைக் கக்கத்திலிருந்து நிமிர்ந்து எழும். கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். அதில் ஐந்து முதல் பன்னிரண்டு பூக்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு.

அகாம்பேயின் கொத்து குட்டையாக, இலைகளுக்கு இடையிலேயே ஒடுங்கி, சிறு பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். நரிவாலின் கொத்து தொங்கும். நூற்றுக்கணக்கில் கூடப் பூக்கள் இடைவெளியே இல்லாமல் அடர்ந்திருக்கும். அசாமில் பிகு ஆடும் பெண்கள் தலையில் சூடுவது இந்தப் பூவைத்தான். ஏரிடஸ் இனங்களில் இளஞ்சிவப்புப் பூக்கள் வளைந்தோ தொங்கியோ வரும் கொத்தில் இருக்கும். கம்பி போல மெல்லிய நீளமான காம்பின் நுனியில் மட்டும் வண்டைப் போன்ற பூக்கள் தெரிந்தால் அது காட்டோனியா. தன் பேரினத்தில் தனி ஒருத்தி. ராபர்ட் வைட் பெயரிட்ட பேரினம் அது. குற்றாலத்திலும் செடிகள் சேகரித்த வைட்டின் பெயர் தென்னாட்டுத் தாவரங்களில் அடிக்கடி எதிர்ப்படும். நம் மலைகளின் வாண்டா ஒன்றுக்கும் அவர் பெயர்தான்.

ஐந்தாம் படி: பூவுக்குள்

இங்கே அவசரப்படாதீர்கள். பேரினத்தைத் தீர்மானிப்பது இந்தப் படிதான்.

எந்த ஆர்க்கிட் பூவிலும் வெளிவட்டத்தில் மூன்று புல்லிகள், உள்வட்டத்தில் மூன்று அல்லிகள். அல்லிகளில் ஒன்று மட்டும் உருமாறியிருக்கும். அதுதான் உதடு, பூச்சி வந்து இறங்கும் மேடை. மகரந்தத் தாளும் சூலகமுடியும் ஒன்றாக இணைந்து நடுவில் தூண் போல நிற்கும். மல்லிகையிலும் செம்பருத்தியிலும் தனித்தனியாகப் பார்த்துப் பழகியவற்றை இங்கே ஒரே உறுப்பில் தேட வேண்டும்.

வாண்டாவில் உதட்டைத் தவிர்த்த ஐந்து இதழ்களும் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். அடி குறுகி, மேலே விரிந்து, ஓரம் நெளிந்திருக்கும். டெசலேட்டாவில் அவற்றின் உட்பக்கத்தில் பழுப்பு நிறக் கட்டங்கள் வலை போலப் பரவியிருக்கும். பின்பக்கம் வெள்ளை. பூவைத் திருப்பிப் பார்க்காதவர்களுக்கு இந்த வெள்ளை தெரியாமலே போகும். மணமும் உண்டு.

அடுத்து உதடும் தூணும். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

மெல்லிய குச்சியால் உதட்டை லேசாகத் தொடுங்கள். வாண்டாவில் அது தூணின் அடியோடு இறுகப் பொருந்தியிருக்கும்; ஆடாது. பல்போபில்லத்தில் காற்றுக்கே உதடு ஆடும். ஏரிடஸில் தூணின் அடி முன்னோக்கி நீண்டு ஒரு பாதம் போல இருக்க, உதடு அதன் நுனியில் பொருந்தியிருக்கும். வாண்டாவில் அந்தப் பாதம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

உதட்டில் மூன்று மடல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்க மடல்கள் இரண்டும் சிறியவை, தூணின் இருபுறமும் நிமிர்ந்து நிற்பவை. நடு மடல் பெரியது, முன்னே நீண்டது. டெசலேட்டாவில் நடு மடல் இடையில் குறுகி, நுனியில் மறுபடி அகன்று, வெட்டியது போல முடியும். நிறம் நீலமோ ஊதாவோ. நரிவாலில் இப்படித் தெளிவான மூன்று மடல்களைப் பார்க்க முடியாது.

உதட்டின் அடியில் பின்பக்கம் நீளும் சிறு பை அல்லது குழல் ஒன்று இருக்கும். இதற்குப் புத்தகத்துக்கு ஒரு பெயர் இருப்பதால் இங்கே பின்குழல் என்றே வைத்துக்கொள்வோம். டெசலேட்டாவில் அது குட்டையான கூம்பு. நரிவாலில் பக்கவாட்டில் தட்டையான பை. ஏரிடஸில் அது உதட்டின் அடியில் முன்னோக்கி வளைந்து வரும். லூயிசியாவில் பின்குழலே இல்லை. முன்பக்கம் மட்டும் படம் எடுத்துவிட்டுப் பெயர் கேட்பவர்களுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இந்தப் பின்குழல்தான். பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும்.

நான்காவது மகரந்தம். ஆர்க்கிட்டின் மகரந்தம் தூளாக இருக்காது. பொலினியம் என்ற கட்டியாக இருக்கும். தானாக உதிர்ந்த பூ கிடைத்தால், தூணின் நுனியில் உள்ள மூடியை ஊசி முனையால் மெதுவாக மேலே தள்ளுங்கள். மஞ்சள் நிறத்தில் இரண்டு கட்டிகள், ஒரு பட்டை, அதன் அடியில் பசைத் தட்டு என முழு அமைப்பும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வரும். லென்சில் பார்த்தால் ஒவ்வொரு கட்டியிலும் ஒரு பிளவு தெரியும். வண்டின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போவது இந்த மொத்த அமைப்பும்தான். டென்ட்ரோபியத்தில் நான்கு கட்டிகள் இருக்கும்; பட்டையும் இருக்காது.

இப்போது அகாம்பேயிடம் திரும்புவோம். அதன் பூவும் மஞ்சள், அதிலும் பழுப்புச் சிவப்புப் பட்டைகள். ‘மஞ்சளில் பழுப்பு’ என்று மட்டும் குறிப்பெடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அகாம்பேயின் பூ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. இதழ்கள் தடித்துச் சதைப்பற்றோடு, முழுதாக விரியாமல் இருக்கும். உதடு வெள்ளை, அதில் சிவப்பு ஊதாப் புள்ளிகள். டெசலேட்டாவின் பூ நான்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு நன்றாக விரியும். உதடு நீலம் அல்லது ஊதா. அளவுகோல் எதற்கு என்று இப்போது புரியும்.

ஆறாம் படி: சிற்றினம்

பேரினம் உறுதியானால் சிற்றினம். வாண்டா டெசலேட்டாவைப் பற்றிப் போதுமான அளவு சொல்லிவிட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதன் நிறம் செடிக்குச் செடி மாறும். பச்சை கலந்த மஞ்சள், பழுப்பு, நீலச் சாயல் என்று பல வகை. ஒரே தோப்பில் மூன்று நிறம் பார்த்துவிட்டு மூன்று சிற்றினம் என்று எழுதிவிடாதீர்கள். உதட்டின் வடிவம் ஒன்றாக இருந்தால் செடியும் ஒன்றுதான்.

வாண்டா டெஸ்டேசியா சிறியது. பூ இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். இதழ்கள் கட்டமில்லாத மஞ்சள். உதட்டில் நீலம் அல்லது ஊதா. பழைய நூல்களில் வாண்டா பார்விஃப்ளோரா என்று இதைப் பார்ப்பீர்கள். கட்டம் உண்டா இல்லையா, பூ பெரிதா சிறிதா என்ற இரண்டு கேள்விகளில் இதை டெசலேட்டாவிடமிருந்து பிரித்துவிடலாம்.

ஈரமான மலைப்பகுதிகளில் வாண்டா வைட்டீ, வாண்டா த்வெய்ட்ஸீ என்ற அரிய சிற்றினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலிருந்து பதிவாகியிருக்கின்றன. இவை இரண்டும் நிபுணர்களிடையே நெடுங்காலம் குழம்பிக் கிடந்தவை. டெசலேட்டாவும் டெஸ்டேசியாவும் பொருந்தாத ஒரு வாண்டாவை மலையில் பார்த்தால், உதட்டின் நடு மடலை எல்லாக் கோணத்திலும் படமெடுத்துத் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். குறிப்பேட்டில் ‘வாண்டா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுவது முழுமையான பதிவுதான்.

பூக்கடையிலும் நர்சரியிலும் விற்கும் தட்டு போன்ற பெரிய ஊதாப் பூக்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை கலப்பினங்கள். வடகிழக்கு இந்தியாவின் நீல வாண்டாவும் பிலிப்பைன்ஸின் வாண்டா சாண்டரியானாவும் அவற்றின் முன்னோர்கள். காட்டுச் செடியின் பூ அவற்றுக்குப் பக்கத்தில் சிறியதாகத் தெரியும். ஆனால் மணத்தில் நம்முடையதுதான் மேல் என்பேன்.

ஏழாம் படி: பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இனங்காணுதல் வேறு, வகைப்படுத்துதல் வேறு. முதலாவது, கையில் உள்ள செடிக்கு ஏற்கெனவே உள்ள பெயரைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, அந்தப் பெயர் எந்தக் குடும்பத்தில், எந்தக் கிளையில் உட்கார வேண்டும் என்று முடிவுசெய்வது. முதலாவதில் மட்டும் ஆர்வம் இருந்தாலும் இரண்டாவதைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் பழைய நூலும் புதிய பட்டியலும் வேறு வேறு செடிகளைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றும்.

1753 இல் லின்னேயஸ் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளை ஏறக்குறைய மொத்தமாக எபிடென்ட்ரம் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அதற்கு முன்பே மலையாளக் கரைத் தாவரங்களைப் படத்தோடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸில் இவற்றில் சில மரவாழை இனங்களாக இடம்பெற்றிருந்தன. சோழமண்டலக் கரைத் தாவரங்களைத் தொகுத்த ராக்ஸ்பர்க் 1795 இல் நம் டெசலேட்டாவுக்கு எபிடென்ட்ரம் டெசலேட்டம் என்று பெயர் வைத்தார். அகாம்பேயையும் அதே தொகுதியில் எபிடென்ட்ரம் பிரேமோர்சம் என்றார். இன்று நம்மைக் குழப்பும் இரண்டு செடிகளும் அன்று ஒரே பேரினம். 1820 இல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை நிறுவி, இதே செடியை வாண்டா ராக்ஸ்பர்கீ என்று அழைத்தார். ஆனால் டெசலேட்டம் என்ற அடைமொழி 1795 லேயே பிறந்துவிட்டது. முந்தியதே செல்லும் என்பது பெயரிடும் விதி. எனவே பிரவுனின் பேரினப் பெயரும் ராக்ஸ்பர்க்கின் அடைமொழியும் சேர்ந்து வாண்டா டெசலேட்டா என்று நிலைத்தது. மூலிகை நூல்களில் ராக்ஸ்பர்கீ என்று பார்த்தால் வேறு செடி என்று எண்ண வேண்டாம்.

அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒருவர் பெயரும் வெளியே இன்னொருவர் பெயரும் இருப்பதன் பொருளும் இதுதான். உள்ளே இருப்பவர் முதலில் விவரித்தவர், வெளியே இருப்பவர் இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர். அடைப்புக்குறியே இல்லையென்றால் அந்தச் சிற்றினம் பேரினம் மாறாமல் இருக்கிறது.

எல்லை இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2012 இல் அஸ்கோசென்ட்ரம், நியோஃபினீசியா ஆகிய பேரினங்கள் வாண்டாவுக்குள் கொண்டுவரப்பட்டன. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் புதர்க்காடுகளில் நீண்ட மெல்லிய தண்டோடு மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடி, 1753 இல் எபிடென்ட்ரம், பின்பு வாண்டா ஸ்பாதுலேட்டா, 1992 முதல் டாப்ரோபேனியா ஸ்பாதுலேட்டா. செடி அதே இடத்தில்தான் நிற்கிறது. நம் பக்கத்துக் காய்ந்த புதர்களில் முழு மஞ்சள் பூவோடு ‘வாண்டா’ கிடைத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இன்றைய ஏணி இது: ஆர்க்கிடேசி குடும்பம், எபிடென்ட்ராய்டே துணைக்குடும்பம், வாண்டே என்ற கூட்டம், அதற்குள் ஏரிடினே என்ற துணைக்கூட்டம், அதில் வாண்டா பேரினம். அகாம்பே, ஏரிடஸ், ரிங்கோஸ்டைலிஸ், லூயிசியா, காட்டோனியா எல்லாம் அதே ஏரிடினேயில் இருக்கும் உறவுக்காரர்கள். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

கேள்வி கேள்வியாகப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் திறவுகோலோடு பழக விரும்புபவர்கள் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைப் பாருங்கள். ஆர்க்கிட் பகுதியை எழுதியவர் ஃபிஷர், வெளியானது 1928 இல். பெயர்கள் பழசு, இரண்டு இரண்டாகப் பிரித்துக் கேள்வி கேட்கும் முறை இன்றும் பயன்படும். அதில் கிடைத்த பெயரைக் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் தட்டினால் இன்று செல்லும் பெயரைக் காட்டிவிடும். உலர்த்திய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டுமானால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.

பதிவு செய்தல்

ஒவ்வொரு செடிக்கும் ஆறு படங்கள்: மரத்தோடு முழுச் செடி, இலை நுனி, பூங்கொத்து, பூ முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். ஒன்றிலாவது அளவுகோல் தெரிய வேண்டும். குறிப்பேட்டில் தேதி, ஊர், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், வெயிலா நிழலா, மணம் உண்டா என்பதை எழுதுங்கள். காய் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் பதிவேற்றினால் சரியான இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். செடி வியாபாரிகளும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது

தனியார் தோப்பும் ஆற்றங்கரையும் தொடங்குவதற்குப் போதும். பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை, காரையாறு, தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி நம்பி கோவில் பகுதி எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வருகின்றன. 1988 முதல் புலிகள் காப்பகம். 2001 முதல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில் மட்டும் போங்கள். சொரிமுத்து அய்யனார் கோவிலில் ஆடி அமாவாசைக் கூட்டம் இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடலாம். அப்போது மரத்தைப் பார்க்கவே இடம் கிடைக்காது. குற்றாலம் 2019 இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், சாரல் காலத்தில் அதைத் தவிர்த்து ஒரு நெல்லைச் செடிப்பித்தரைக் கற்பனை செய்ய முடியாது.

காப்பகத்துக்குள் ஒரு இலையைப் பறிப்பதும் குற்றம். உலக அளவில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீல வாண்டா பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. இதே அகத்தியமலையில் மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரீ சேகரிப்பாளர்களின் பேராசையால் அழிவின் விளிம்புக்குப் போன கதையைத் தெரிந்தவர்கள், செடியைப் பையில் போடும் நண்பரைக் கூட அழைத்துப் போக மாட்டார்கள்.

விழுந்த செடி

ஆடிக் காற்றில் கிளை ஒடிந்து செடியோடு தரையில் கிடப்பது உண்டு. காட்டுக்குள் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் சொந்தத் தோப்பில் என்றால் காப்பாற்றலாம். மண் தொட்டியில் நடாதீர்கள். காற்று வேர் மண்ணுக்குள் அழுகிவிடும். உடைந்த, கறுத்த வேர்களை மட்டும் நறுக்கிவிட்டு, சொரசொரப்பான பட்டை உள்ள மரத்தில், காலை வெயில் படும் பக்கமாக, கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தேங்காய் நார்க் கயிற்றால் தண்டைக் கட்டுங்கள். வளர்நுனி மேல்நோக்கி இருக்கட்டும், அதன் மேல் கயிறு படக் கூடாது. மழை இல்லாத நாட்களில் காலையில் வேரில் தண்ணீர் தெளியுங்கள். புதிய வேர் பட்டையைப் பிடித்துக்கொண்டதும் கயிற்றை அறுத்துவிடலாம். கட்டிய தேதியையும் மரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பூப்பதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அதுவரை பெயர்க் கட்டத்தில் கேள்விக்குறி இருக்கட்டும்.